சாரி சொல்லாத ஆங்கிலம்

அந்த ஓட்டலில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்ட அன்று, மேலாளர் என்னிடம் ஒரு பாடப் புத்தகத்தைக் கொடுத்தார். அந்தமானில் இருக்கும் எங்களுக்கு மெயின்லேண்ட் என்றால் இந்தியப் பெருநிலம்; அங்கே அச்சடித்தது. வழவழப்பான அட்டையில் ஒரு பெண் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திக்லிபூருக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து முழுவதையும் புரட்டினேன். முதல் பாடம் ‘குட் மார்னிங் சார்’. இரண்டாவது ‘ஷ்யூர் மேடம்’. மூன்றாவதிலிருந்து மன்னிப்பு ஆரம்பித்தது. வெந்நீர் வராததற்கு சாரி, கரன்ட் போனதற்கு சாரி, மழை பெய்ததற்கு சாரி, கடல் கொந்தளித்துப் படகு போகாததற்கு சாரி. கடைசிப் பக்கம் வரை அது ஓயவில்லை. ‘நோ’ என்ற சொல்லை வேண்டுமென்றே தேடிப் பார்த்தேன். ‘நோ ப்ராப்ளம், சார்’ என்ற வாக்கியத்தில் மட்டும் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர். கணவருக்கு வனத்துறையில் வேலை. அவரைப் போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்கு மாற்றியபோது கூடவே வந்தேன். இங்கே அரசுப் பள்ளியில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பிறகு நிரந்தர ஆள் வந்துவிட்டதால் அதுவும் போயிற்று. வீட்டில் சும்மா இருக்க என்னால் ஆகாது. அந்தச் சமயத்தில்தான் கடற்கரையோரத்து ஓட்டலில் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன்.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். மரியாதையான மனிதர், இதை இப்போதும் சொல்வேன். அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு. ஊழியர்கள் விருந்தினர்களிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும். வகுப்பிலும் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி காதில் விழக் கூடாது. ஹிந்தியில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள் என்று மெயின்லேண்டிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

வகுப்பு மாலை நான்கு மணிக்குமேல், படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில். சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் நிறைந்த அறை. அறைகளைக் கூட்டித் துடைப்பவர்கள், துணி துவைப்பவர்கள் என்று ஏழெட்டுப் பெண்கள் தரையில் விரிப்புப் போட்டு உட்காருவார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு வங்காளப் பெண்மணி. எல்லோரும் அவரை தீதீ, அதாவது அக்கா, என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். தமிழ்ப்பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா ரோடு காண்ட்ராக்ட் வேலைக்கு ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர். அவள் பிறந்ததே இங்கேதான். வயதில் இளையவள் ஒரு ராஞ்சிப் பெண். காட்டு வேலைக்காகச் சோட்டாநாக்பூரிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் பேத்தி. மற்றவர்கள் தெலுங்குப் பெண்கள். தங்களுக்குள் எல்லோரும் பேசியது எங்கள் தீவு ஹிந்தி. டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். எங்களுக்கு அதில்தான் சண்டையும் சமாதானமும் நடக்கிறது.

முதல் சில வாரங்கள் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினேன். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். ‘ஐ ஆம் சாரி ஃபார் தி டிலே.’ டிலே என்ற இடத்தில் நாய்ஸ் போடு, நாய்ஸ் என்ற இடத்தில் ஸ்மெல் போடு. இப்படிச் சாரிக்குப் பின்னால் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில் தமிழ்ப்பெண் கை தூக்கினாள். வகுப்பில் தமிழ் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் தமிழிலேயே கேட்டாள்.

“டீச்சர், அவங்க நம்மகிட்ட சாரி சொல்ற பாடம் எந்தப் பேஜ்ல இருக்கு?”

கேலிக்காகக் கேட்கவில்லை. அப்படி ஒரு பாடம் கண்டிப்பாக இருக்கும், இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று நினைத்துத்தான் கேட்டாள். அப்படி ஒரு பக்கமே இல்லை என்றேன். அவள் தீதீயிடம் ஹிந்தியில் அதைச் சொல்ல, தீதீ மற்றவர்களுக்குச் சொல்ல, எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

பி.எட். படிக்கும்போது மொழி கற்பிக்கும் முறைகளையெல்லாம் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள் நான். இலக்கணத்தைச் சொல்லி மொழிபெயர்க்க வைப்பது பழைய முறை. தாய்மொழியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்வது நேரடி முறை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்கமாக்குவது இன்னொன்று. பேசியே ஆக வேண்டிய சூழ்நிலையை உண்டாக்கிப் பேசவைப்பது அதற்கும் பின்னால் வந்தது. ஒவ்வொன்றும் முந்தையது தப்பு என்று சொல்லிக்கொண்டுதான் வந்தது. நிறைகளும் குறைகளும் எழுதினால் மதிப்பெண் போட்டார்கள். சொல்லித்தர வேண்டிய வாக்கியத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை.

ஆனால் எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. என் அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்து அனுப்பப்பட்ட பிறகு நிகோபாரில் உள்ள கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். தோட்டத்துத் துரைமார் பேசிய தமிழை அம்மா எங்களுக்கு நடித்துக் காட்டுவார். ‘வா’, ‘போ’, ‘எடு’, ‘சுருக்கா’, ‘வாய மூடு’. அவர்களுக்கு அவ்வளவு தமிழ்தான் தெரியுமாம். யாரோ ஒரு வாத்தியார் உட்கார்ந்து அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார் அல்லவா? தமிழில் எவ்வளவோ இருக்க, ஏவுவதற்கு வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுத்த அந்த ஆளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது என் மடியில் இருந்தது அதே பாடத்தின் மறுபாதி. ஏவியவர்களுக்கு ஒரு மொழி; ஏவப்பட்டவர்களுக்கு ஒரு மொழி. இந்த இரண்டாவது வாத்தியாராக நான் இருக்கப் போவதில்லை என்று அந்த அறையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் புத்தகத்தை அலமாரி மேல் வைத்துவிட்டு ஹிந்தியில் ஒரு கேள்வி கேட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஆங்கிலம் தெரியாததால் விழுங்கியது ஏதாவது உண்டா? முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. தீதீயை விருந்தினர்கள் எல்லோரும் ‘ஏய்’ என்று கூப்பிடுகிறார்களாம். எனக்குப் பெயர் இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றார். நான் துடைத்து முடிக்கும்வரை நீங்கள் வெளியே இருங்கள் என்று சொல்ல வேண்டும் என்றாள் தமிழ்ப்பெண். கதவைச் சாத்தாதீர்கள் என்று ஒரு தெலுங்குப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

ராஞ்சிப் பெண் கடைசியில்தான் பேசினாள். தீவுகளுக்கு வருகிறவர்களில் சிலருக்குக் காட்டில் வாழும் ஆதிவாசிகளைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. அது சட்டப்படி குற்றம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. இவளுடைய கறுத்த நிறத்தையும் சுருட்டை முடியையும் பார்த்து, இவள்தான் அது என்று போன் எடுத்துவிடுகிறார்களாம். என்னைக் கேட்காமல் படம் எடுக்காதே என்பதற்கு ஆங்கிலம் என்ன என்று கேட்டாள்.

அவற்றையெல்லாம் பாடமாக்கினேன். சொற்கள் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. குரல்தான் வரவில்லை. நான் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு விருந்தினராக உட்காருவேன். வேண்டாத வேலை ஒன்றை ஏவுவேன். அவர்கள் மறுக்க வேண்டும். தீதீ என் முன்னால் வந்து நின்று, “நோ… சாரி… ஓகே சார்” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தீதீக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. மறுபடியும் செய்து பார்த்தோம். மறுபடியும் ஓகே சார்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. தீதீயிடம், மீன்காரன் அழுகின மீனை நீட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “நஹீ ஹோகா”, ஆகாது, என்றார். கத்தவில்லை, முகத்தில் கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று யாருக்கும் தெரியும். அதே குரலில் இப்போது ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். “நோ” என்றார். இந்த முறை அதன் பின்னால் ஓகே சார் வரவில்லை. எந்த மொழியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னார்களோ, அந்த மொழிக்குள்தான் அந்தக் குரல் இருந்தது. பிறகு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். கோரஸாகத்தான். கோரஸ்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எதைக் கோரஸாகச் சொல்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலத்தில் ஓட்டல் நிரம்பிவிடும். அப்படி ஒரு காலையில் ராஞ்சிப் பெண் பின்பக்கக் கொடியில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விருந்தினர் ஒருவர் குச்சியில் மாட்டிய போனோடு வந்து, இதோ பாருங்கள், இந்தத் தீவின் அசல் ஆதிவாசி என்று ஹிந்தியில் வர்ணனை கொடுக்க ஆரம்பித்தார். அவளுக்கு ஹிந்தி தெரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் அவர் பக்கம் திரும்பி, “சார், டோன்ட் டேக் மை வீடியோ. ஆஸ்க் மீ ஃபர்ஸ்ட்” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். “ஐ செட் நோ” என்றவள், கையிலிருந்த ஈர விரிப்பை இருவருக்கும் நடுவிலிருந்த கொடியில் வீசி விரித்து, அதன் மறுபுறம் நின்று வேலையைத் தொடர்ந்தாள். அவர் வரவேற்பறைக்குப் போய்ப் புகார் சொன்னார்.

மாலையில் நான் போனபோது மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார்.

“மேடம், அந்தப் பொண்ணு சொன்னது புக்ல எந்தப் பாடத்துலீங்க வருது?”

“புக்ல இல்ல. நான்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“வர்றவங்க நம்ம கெஸ்ட்டுங்க. அவங்ககிட்ட இப்படிப் பேசலாமுங்களா?”

விருந்தினரிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி, அவள் அதை மீறவில்லையே என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெண் மூன்றாம் பாடத்து வாக்கியத்தைச் சொல்லி அந்த விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார். அவளைக் காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அவள் பேசாமல் நின்றிருக்கிறாள். இனி அவள் துணி துவைக்கும் கொட்டகையில் மட்டும் இருக்கட்டும், விருந்தினர் கண்ணில் படும் வேலை வேண்டாம் என்று உத்தரவாகிவிட்டது. என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்த வேண்டும்.

முடியாது என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம்.”

“யோசிச்சுதான் சார் சொல்றேன். சாரி சொல்ல அவங்களுக்கு நல்லாத் தெரியும். அதுக்கு டீச்சர் எதுக்கு?”

டீயைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தேன். பாதியில் வைத்துவிட்டுப் போனால் கோபித்துக்கொண்டு போனதாகிவிடும். நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒப்புக்கொள்ளாமல் போனேன்.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். இது சின்ன ஊர், நாளைக்கே சந்தையில் அந்த மேலாளரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பார்த்தால் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்பேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்த ஊரில் இன்னொரு வேலை கிடைக்காதே என்ற கவலை அவருக்கு. எனக்கும் இருந்தது. அதற்காகப் போய்த் திரும்பக் கேட்கும் எண்ணம் இல்லை.

அடுத்த புதன்கிழமை தமிழ்ப்பெண் போன் செய்து, தீதீ வீட்டுக்கு வரச் சொன்னாள். தீதீ குடும்பத்துக்கு நெல்வயலும் பாக்குத் தோப்பும் உண்டு. பாக்கு காயப்போடும் களத்தின் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. அதில் எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், ராஞ்சிப் பெண்ணும்தான். ஓட்டலில் எனக்குப் பதில் போனில் பதிவு செய்த பாடங்களைப் போட்டுக் கேட்கச் சொல்கிறார்களாம். “அது கேக்கறோம் டீச்சர், ட்யூட்டி. இது நம்ம கிளாஸ்” என்றாள் தமிழ்ப்பெண்.

கொஞ்ச நாளில், ஓட்டல் நிறுவனத்தின் தலைமை அதிகாரியான ஒரு பெண்மணி மெயின்லேண்டிலிருந்து வந்து ஊழியர்களைச் சந்திக்கப் போவதாகத் தெரிந்தது. அவரிடம் பேசுவது என்று முடிவு செய்தார்கள். என்ன பேசுவது என்பதைக் கொட்டகையில் உட்கார்ந்து வங்காளத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் அடித்துப் பேசி, ஹிந்தியில் ஒரு முடிவுக்கு வந்து, அதன் பிறகே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தோம். கரும்பலகையில் ‘வி ரிக்வெஸ்ட்’ என்று எழுதினேன். அதற்கும் ‘வி வான்ட்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். முதலாவது கொஞ்சம் பணிவு, பெரியவர்களிடம் அதுதான் வழக்கம் என்றேன். கேட்காமல் படம் எடுக்காதே என்பதில் பணிவுக்கு என்ன வேலை என்றாள் ராஞ்சிப் பெண். வேலை போனால் உங்களுக்குத்தானே போகும் என்றேன். வேலை எங்களுடையது டீச்சர், அதனால் சொல்லும் எங்களுடையதாக இருக்கட்டும் என்று தீதீ சொல்லிவிட்டார். ரிக்வெஸ்டை அழித்தேன். ஒரு ‘ப்ளீஸ்’ மட்டும் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. தமிழ்ப்பெண் சொல்லித்தான் தெரியும். அதிகாரி, ஏதாவது குறை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். குறையெல்லாம் ஒன்றுமில்லை என்று மேலாளர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ராஞ்சிப் பெண் எழுந்திருக்கிறாள். விருந்தினர்கள் எங்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, அப்படி ஒரு அறிவிப்பு வைக்க வேண்டும், மறுத்ததற்காக என்னைத் துணி துவைக்கும் கொட்டகைக்கு அனுப்பியது சரியில்லை என்றாளாம். நடுவில் ஒரு வாக்கியத்தில் திணறி நின்றபோது தீதீ ஹிந்தியில் சொல் எடுத்துக்கொடுக்க, அவள் அதை ஆங்கிலமாக்கிச் சொல்லி முடித்திருக்கிறாள். “டீச்சர், கிராமர் ரெண்டு எடத்துல போச்சு” என்று தமிழ்ப்பெண் என்னிடம் சொன்னாள். போகட்டும் என்றேன்.

அறிவிப்புப் பலகை வந்தது. வரவேற்பறையிலும் கடற்கரைக்கு இறங்கும் படியருகிலும் இப்போதும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும். ராஞ்சிப் பெண்ணை மட்டும் துணி துவைக்கும் கொட்டகையிலிருந்து மாற்றவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று மழைக்காலம் முடியும்வரை இழுத்தார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு தெற்கே ரங்கத் என்ற ஊரில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் சேர்ந்துவிட்டாள். மேலாளரைச் சந்தையில் பார்க்கத்தான் செய்கிறேன். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கிறேன். அவரும் கேட்கிறார். என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை.

சென்ற வருடம் போர்ட் பிளேரில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் வந்தது. விடிவதற்கு முன் பஸ் ஏறி, பஸ்ஸோடு சேர்ந்து படகிலும் ஏறி இறங்கி, நாள் முழுக்கப் பயணம். மறுநாள் காலை மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் நான் எந்த முறையைப் பின்பற்றுகிறேன் என்று கேட்டார். மாணவர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்கள் என்று அவர்களுடைய மொழியிலேயே கேட்பேன், பிறகு அதற்கு ஏற்ற முறையை எடுத்துக்கொள்வேன் என்றேன். வகுப்பில் ஹிந்தி பேசுவீர்களா என்றார். ஹிந்தி, தமிழ், கொஞ்சம் வங்காளமும் பேசுவேன் என்றேன். அதற்குப் பெயர் முறை இல்லையே என்று ஓரத்தில் இருந்தவர் சிரித்தார்.

“பேர் தெரியல சார். ஆனா பேசறாங்க” என்றேன்.

வெளியே வந்ததும் அபர்டீன் பஜாருக்கு நடந்து ஒரு வெள்ளைப் பலகை வாங்கினேன். கொட்டகையிலிருந்த கரும்பலகை ஈரத்தில் உப்பிப் போயிருந்தது. கண்டக்டர் அதை பஸ்ஸின் கூரையில் போடச் சொன்னார். மழை வரும்போல இருந்ததால் ஒப்புக்கொள்ளாமல், திக்லிபூர் வரை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

தேர்வானவர்களின் பட்டியலில் நான் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட அன்றும் வகுப்பு இருந்தது, போனேன். தெலுங்குப் பெண்களில் ஒருத்தி ஒரு கேள்வியோடு காத்திருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிவிட்டார்களாம். எதற்காக மாற்றினீர்கள் என்று டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும், அவர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றாள். என்னை டாக்டராக உட்காரவைத்தார்கள். தலையைக் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தேன். அவள் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஒய்?” என்று ஆரம்பித்தாள்.